கேமின் விளிம்பு மட்டும் கடினமான ஸ்டீல், நடுவில் அலுமினியம்: இப்படிச் செய்தால் தாங்குமா?

பாக்கெட்மெஷின்_கோவை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கோவையில் சின்னப் பட்டறை வைத்து மசாலா, டீத்தூள் பாக்கெட் போடும் மெஷின் செய்து கொடுக்கிறேன். ஒரே ஒரு கேம் (சுற்றும்போது ரோலரை ஏற்றி இறக்கும் வளைவுத் தட்டு) நான்கு மாதமாக என்னைத் தூங்க விடவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தி ஆர்மை இயக்கும் தட்டுக் கேம். பெரிய விட்டம் 240 மிமீ, கனம் 12 மிமீ, தூக்கம், அதாவது ரோலரை மேலே தூக்கும் அளவு, 40 மிமீ, அந்த 40 மிமீ ஏற்றமும் 90 டிகிரிக்குள் முடிந்துவிடும். நிமிடத்துக்கு 120 சுற்று, நிற்காமல் ஒரே வேகம். ரோலர் 30 மிமீ விட்டம், கடையில் கிடைக்கும் ஸ்டட் வகைக் கேம் ஃபாலோயர் பேரிங். ஸ்பிரிங் முழுத் தூக்கத்தில் சுமார் 900 நியூட்டன் கொடுக்கும். ஏற்றம் முடியும் இடத்தில்தான் கத்தி வெட்டுகிறது, அதற்கு 350 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்மின் எடை ரோலர் இடத்தில் பார்த்தால் 8 கிலோ வரும்.

இஎன் 8 என்ற நடுத்தரக் கார்பன் ஸ்டீல் பிளேட்டில் செய்து, விளிம்பைக் கேஸ் டார்ச்சில் சூடாக்கித் தண்ணீரில் குளிரவைத்துத்தான் கொடுத்தேன். நாளுக்கு 16 மணி நேரம் ஓடுகிற கம்பெனி. நான்கு மாதத்தில் ஏற்றம் முடியும் தோள்பட்டைப் பக்கம் சின்னச் சின்னக் குழிகள் விழுந்து, அப்புறம் அவை ஒன்றோடொன்று சேர்ந்து, இப்போது ரோலர் அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் டக் டக் என்று சத்தம். ரோலரும் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. குழிகள் கேமின் ஒரு ஓரத்தில்தான் அதிகம்.

என் யோசனை இது. நடு உடம்பை அலுமினியத்தில் செய்துவிட்டு, ரோலர் ஓடும் விளிம்பை மட்டும் எச்சிஎச்சிஆர் (கார்பனும் குரோமியமும் அதிகமுள்ள) ஸ்டீலில் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போடலாமா? எடையும் குறையும், தேய்ந்த துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இன்னொருவர் முழு அலுமினியத்தில் செய்து மேலே ஹார்டு குரோம் ஏற்று, போதும் என்கிறார். வளையமாகச் செய்து சூடாக்கி இறுக்குவதா, போல்ட்டா, ஒட்டும் பசையா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இரண்டாவது மெஷினுக்கு ஆர்டர் கையில் இருக்கிறது, அதே தப்போடு அனுப்ப மனது வரவில்லை.

---

தறிமேஸ்திரி_சோமனூர்:

தம்பி, நீங்கள் புதிதாக யோசித்திருப்பது எங்கள் விசைத்தறியில் காலங்காலமாக இருக்கிறது. நூலைச் சுமந்து ஓடும் நாடாவை அடித்து அனுப்பும் கேமை, அதாவது பிக்கிங் டாப்பெட்டை, கழற்றிப் பாருங்கள். உடம்பு வார்ப்பிரும்பு. அடி விழும் மூக்கு மட்டும் தனியாகக் கடினமாக்கிய ஸ்டீல், போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதை நோஸ் என்போம். அரைக் கிலோவுக்குப் பக்கமான நாடாவை நிற்கும் நிலையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்துக்குத் தள்ளுகிற அடி அது, உங்கள் கத்தி ஆர்மெல்லாம் அதற்கு முன்னால் பூப்போல. கீழ்த் தண்டு மேல் தண்டின் பாதி வேகத்தில் சுற்றுவதால் ஒரு டாப்பெட் இரண்டு பிக்குக்கு, அதாவது நாடாவின் இரண்டு ஓட்டத்துக்கு, ஒருமுறைதான் அடிக்கும். 130 பிக் ஓடும் தறியில் நிமிடத்துக்கு 65 அடி. அதையும் தாங்குகிறது.

முப்பது வருடமாக இதை மாற்றி மாற்றிப் போட்ட கையில் இருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன். நோஸ் உட்காரும் இடம் சுத்தமாக, இரண்டு முகமும் முழுசாகப் படிந்திருக்க வேண்டும். மை தடவிப் பார்ப்போம், படியாத இடம் தெரிந்தால் அரத்தால் தேய்த்துத்தான் போடுவோம். இடையில் ஒரு தாள் கனம் சந்து இருந்தால்கூட போல்ட் தளர்ந்துவிடும், இல்லையென்றால் நோஸ் இரண்டாக விண்டுவிடும். இரண்டாவது, அடியின் விசையைப் போல்ட் வாங்கக் கூடாது. நோஸின் முதுகு வார்ப்பிரும்புப் படியில் முட்டி நிற்க வேண்டும், போல்ட் அதைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கட்டும். சில பேர் கடைகளில் விலை குறைந்த நோஸ் வாங்கிப் படி இல்லாமல் வெறும் போல்ட்டை நம்பி மாட்டுவார்கள், ஒரு வாரம்கூட நிற்காது.

அலுமினியத்தைப் பற்றி எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் ஓயாமல் அடி வாங்கும் இடத்தில் மெத்தென்ற உடம்பை வைக்க என் மனது ஒப்பவில்லை.

---

வரைபலகை:

மேஸ்திரி அண்ணன் சொன்ன படி விஷயத்தைப் பொன்னாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் கணக்குப் பக்கம் வருகிறேன், ஏனென்றால் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, விசை எங்கே உட்காருகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ரோலர் கேமைத் தொடும் இடம் கோடு மாதிரித் தெரிந்தாலும் இரண்டு உலோகமும் கொஞ்சம் நசுங்கி ஒரு மெல்லிய பட்டையாகத்தான் தொடுகின்றன. ஹெர்ட்ஸ் 1880களில் கொடுத்த கணக்கு இது, இன்றும் இதைத்தான் போடுகிறோம். உங்கள் எண்களைப் போட்டேன். ஸ்பிரிங் 900, வெட்டு 350, அதிர்வுக்கு 250 சேர்த்து மொத்தம் 1500 நியூட்டன். தோள்பட்டையில் கேமின் வளைவு ஆரம் நீங்கள் எழுதவில்லை, 240 மிமீ கேமில் வட்ட வில்லும் நேர்கோடும் சேர்த்து வரைந்திருந்தால் 40 மிமீ பக்கம் வரும் என்று எடுத்துக்கொண்டேன். ரோலர் ஆரம் 15. தொடும் அகலம் 12. ஸ்டீல் மேல் ஸ்டீல். பதில் சுமார் 650 மெகாபாஸ்கல். அழுத்திய பட்டையின் அரை அகலம் 0.12 மிமீதான்.

இதில் முக்கியமானது அழுத்தத்தின் அளவைவிட ஆழம். உலோகத்தை உள்ளே பிய்க்கிற நறுக்கு விசை மேற்பரப்பில் அதிகபட்சமாக இருக்காது. கொஞ்சம் கீழே, உங்கள் கணக்கில் 0.1 மிமீ ஆழத்தில் இருக்கும். குழி விழுவது பெரும்பாலும் அந்த ஆழத்தில் ஒரு விரிசல் பிறந்து மேலே வந்து ஒரு செதில் கழன்று விழுவதால்தான். இப்போது ஹார்டு குரோம் யோசனையைப் பாருங்கள். வழக்கமாகப் போடும் குரோம் படிவு 25 முதல் 50 மைக்ரான்தான். அதாவது 0.05 மிமீ. விசை உச்சத்தில் இருக்கும் இடம் அந்தத் தோலுக்குக் கீழே, மெத்தென்ற அலுமினியத்துக்குள் விழுகிறது. தலையணை மேல் முட்டை ஓட்டை வைத்து அழுத்துவது போலத்தான். ஓடு கடினம், ஆனாலும் நொறுங்கும். ஹார்டு அனோடைசிங்குக்கும் இதே கதை. வைரம் மாதிரி கார்பன் பூச்சு எல்லாம் சில மைக்ரான் கனம், ஏற்கனவே கடினமாக இருக்கும் ஸ்டீல் மேல் போட்டால் உராய்வுக்கு நல்லது, மெத்தென்ற உடம்பைக் காப்பாற்ற அதனால் முடியாது. எனவே முழு அலுமினியம் பிளஸ் குரோம் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எடை. இங்கே உங்களோடு உடன்படவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கேம் நிற்காமல் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. அப்படிச் சுற்றும் கேம் கனமாக இருந்தால் கெடுதல் இல்லை, நல்லது, அது ஃபிளைவீல் வேலை செய்யும், ஏற்றத்தின்போது மோட்டார் இழுபடாது. எடையைக் குறைக்க வேண்டியது முன்னும் பின்னும் போய் வருகிற பக்கத்தில், அதாவது உங்கள் 8 கிலோ ஆர்மில். அலுமினியத்தை அங்கே கொண்டுபோங்கள். சர்வோ வைத்து நிறுத்தி நிறுத்திச் சுற்றும் கேம் என்றால் வேறு பேச்சு. அலுமினிய உடம்பில் இன்னொரு தொல்லை: சூடு ஏறினால் அது ஸ்டீலைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 200 மிமீ விட்டத்தில் 40 டிகிரி சூடு கூடினால் இரண்டுக்கும் வித்தியாசம் 0.09 மிமீ பக்கம். சூட்டில் வளையத்தை இழுத்துப் பிடிக்கும், காலையில் குளிர்ந்த மெஷினில் தளரும். டவல் பின் (பாகங்களை இடம் மாறாமல் நிறுத்தும் கம்பி) ஓட்டைகள் ஆறு மாதத்தில் முட்டை வடிவமாகிவிடும்.

சரி, இப்போது உண்மையான சந்தேகத்துக்கு வருகிறேன். 650 மெகாபாஸ்கல் என்பது ஒழுங்காகக் கடினமான ஸ்டீலுக்குப் பெரிய சுமையே இல்லை. அப்படியிருந்தும் நான்கு மாதத்தில் குழி விழுந்திருக்கிறது. நிமிடத்துக்கு 120, நாளுக்கு 16 மணி, மாதம் 26 நாள் என்றால் நான்கு மாதத்தில் 1.2 கோடி சுற்று. குழி ஒரு ஓரத்தில் அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், என் கண் அங்கேதான் நிற்கிறது. ரோலர் சாய்ந்து பாதி அகலத்தில் மட்டும் அமர்ந்தால் 650 என்பது 918 ஆகிவிடும், ஓரத்தின் முனையில் அதைவிடவும் அதிகம். அப்புறம் டார்ச்சில் சூடாக்கிய இஎன் 8. கை ஓடுகிற வேகத்தைப் பொறுத்து ஒரு இடம் கடினத்தன்மை 52 எச்ஆர்சி (ராக்வெல் அளவு) வரும், பக்கத்து இடம் 35 வரும்.

மூன்று விஷயம் பார்த்துவிட்டு எழுதுங்கள். ரோலரில் நீல மை தடவிக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, தடம் எத்தனை மிமீ அகலம் வருகிறது என்று. குழி விழுந்த இடத்திலும் நல்ல இடத்திலும் கடினத்தன்மை எவ்வளவு என்று. கேம் வளைவை என்ன விதியில் வரைந்தீர்கள் என்று. பொருளைப் பற்றி அதற்கப்புறம் பேசுவோம்.

---

பாக்கெட்மெஷின்_கோவை:

கோபமெல்லாம் இல்லை சார், இப்படி யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்ல மாட்டார்களா என்றுதான் எழுதினேன்.

மை தடவிப் பார்த்தேன். தடம் 5 முதல் 6 மிமீதான் வருகிறது, அதுவும் குழி விழுந்த ஓரத்தில். ரோலர் ஸ்டட் பிடிக்கும் பிராக்கெட் வெல்டிங்கில் இழுத்துக்கொண்டு கோணலாகியிருக்கிறது, ஆர்மை அப்படியே வெல்டு செய்துவிட்டு மெஷினிங் போடாமல் மாட்டியது என் தப்பு. கடினத்தன்மை குழி இருக்கும் இடத்தில் 38, 90 டிகிரி தள்ளி 51. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிச் சொல்லியிருக்கிறீர்கள்.

வளைவு, நீங்கள் நினைத்தபடியே, கேட் சாஃப்ட்வேரில் வட்ட வில், நேர்கோடு, மறுபடி வட்ட வில் என்று சேர்த்து வரைந்ததுதான். தோள்பட்டை ஆரம் 38 மிமீ. ஐடிஐயில் கற்ற முறை. தொடும் இடத்தில் கோடு உடையாமல் வழவழவென்று இருக்கிறதே, அதில் என்ன தப்பு?

---

வரைபலகை:

கண்ணுக்கு வழவழப்பு. ரோலருக்கு இல்லை. வில்லும் நேர்கோடும் சேரும் புள்ளியில் நிலை தொடர்ச்சி, வேகம் தொடர்ச்சி, ஆனால் முடுக்கம் ஒரே தாவாகத் தாவுகிறது. மொத்த ஆர்மும் அந்த நொடியில் சுண்டி விட்ட கம்பி போல அதிரும். திடீரென்று வந்து விழும் விசை மெதுவாக ஏறும் விசையைவிட இரண்டு மடங்கு வரை உறைக்கும். நான் அதிர்வுக்கென்று 250 நியூட்டன் சேர்த்தது இதை நினைத்துத்தான்.

முடுக்கம் தாவாமல் வழுக்கி ஏறி இறங்கும் மாடிஃபைட் சைன் வளைவுக்கு மாறுங்கள். உச்ச முடுக்கம் 5.53 பெருக்கல் தூக்கம் வகுத்தல் ஏறும் நேரத்தின் வர்க்கம். 120 சுற்றில் 90 டிகிரி என்பது 0.125 நொடி. 40 மிமீக்கு முடுக்கம் நொடியின் வர்க்கத்துக்கு 14 மீட்டர் வரும், 8 கிலோவுக்கு 113 நியூட்டன். அந்த 5.53க்குப் பதில், சைக்ளாய்டல் வளைவு போட்டால் 6.28, 3-4-5 பாலினோமியல் போட்டால் 5.77, மாடிஃபைட் டிரபிசாய்டு 4.89. கடைசியாகச் சொன்னதில் உச்சம் குறைவு, ஆனால் வேகம் கூடுதலாக வரும். உங்கள் வேலைக்கு மாடிஃபைட் சைன் சரியாக இருக்கும். விஎம்சி என்ற கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின் ஓட்டுபவரிடம் அரை டிகிரிக்கு ஒரு புள்ளி என்று எக்செல்லில் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ரோலர் மையத்தின் பாதையைக் கொடுத்து, ரோலர் ஆரத்தைக் கட்டர் ஆஃப்செட்டாகக் கழிக்கச் சொல்லுங்கள், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் தவறுவார்கள். அழுத்தக் கோணத்தையும் (ரோலர் நகரும் திசைக்கும் கேம் அதைத் தள்ளும் திசைக்கும் நடுவிலுள்ள கோணம்) பார்த்துவிட்டேன், உங்கள் கேமின் மிகச் சிறிய ஆரம் 80 மிமீக்கு 21 டிகிரி பக்கம் வருகிறது, 30க்குள் இருப்பதால் கவலையில்லை.

இதோடு தோள்பட்டையின் வளைவு ஆரம் தானாகவே 60 மிமீ பக்கம் போய்விடும். ரோலரை 35 மிமீ விட்டத்துக்கு மாற்றுங்கள், அதன் அகலம் 18 மிமீ. கேமை 20 மிமீ கனமாக்குங்கள். ரோலரை நேராக நிறுத்தினால் விசை 1300 என்று வைத்து மறுபடி கணக்குப் போட்டேன், 440 மெகாபாஸ்கல். அந்த ஓரத்தில் 918 இருந்தது! இன்னும் ஒரு புதுப் பொருளும் போடவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல விரும்பினேன். இரண்டு பொருள் சேர்ப்பது எனக்குப் பிடித்த வேலைதான், ஆனால் வளைவும் நேர்நிலையும் கெட்ட கேமில் எந்த ஸ்டீலைச் சேர்த்தாலும் அது இன்னும் இரண்டு மாதம் கூடுதலாக ஓடும், அவ்வளவுதான்.

---

சூளை_எச்டி:

ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறையில் இருபது வருடம். பொருளைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கேஸ் ஹார்டனிங், அதாவது தோலை மட்டும் கடினமாக்கும் முறை, செய்த 20எம்என்சிஆர்5 ஸ்டீல் துண்டு ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறீர்களா? வெளியே ஒரு மில்லிமீட்டர் தோல் 58 முதல் 60 எச்ஆர்சி, கார்பன் ஏறியது. உள்ளே 30, 35 எச்ஆர்சியில் வளைந்து கொடுக்கும் உடம்பு. அதுவே இரண்டு பொருள் சேர்ந்த கேம்தான், நடுவில் சந்தும் இல்லை, போல்ட்டும் இல்லை. இன்னொரு லாபம், தோல் கடினமாகும்போது கொஞ்சம் பருக்கப் பார்க்கும், உள்ளுடம்பு விடாது, அதனால் தோல் எப்போதும் அழுந்திய நிலையிலேயே இருக்கும். அழுந்திய தோலில் விரிசல் லேசில் வாய் திறக்காது. எச்சிஎச்சிஆரில் இந்த லாபம் கிடையாது, அது உள்ளிருந்து வெளி வரை ஒரே கடினம். தேய்மானத்துக்கு ராஜா, ஆனால் அடி விழும் இடத்தில் ஓரம் உடையும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் எச்சிஎச்சிஆர் போடுகிறார்கள்? மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு வெட்டும் வயர்கட் இருப்பதால். கேஸ் ஹார்டனிங்கில் 240 மிமீ தட்டு கண்டிப்பாகக் கொஞ்சம் கோணும், வளைவை அப்புறம் கிரைண்டிங் போட வேண்டும், கேம் கிரைண்டர் நம் பக்கத்துச் சின்னப் பட்டறைகளில் எத்தனை பேரிடம் இருக்கிறது? எச்சிஎச்சிஆரை முழுசாகக் கடினமாக்கிவிட்டு வயர்கட்டில் வளைவை வெட்டினால் கோணல் கவலை இல்லை. உங்கள் சுமை 440 என்றால், அடி இல்லாத வளைவு என்றால், எச்சிஎச்சிஆர் வளையம் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு நிபந்தனை. இரண்டு முறை டெம்பர் (கடினமாக்கியபின் மறுபடி மிதமாகச் சூடாக்குவது) செய்யச் சொல்லுங்கள், ஒருமுறையோடு நிறுத்தினால் உள்ளே தங்கிய அழுத்தம் வயர்கட் மேஜையிலேயே தட்டைப் பிளக்கும், கண்ணால் பார்த்திருக்கிறேன். வயர்கட் முடிந்ததும் மேலே உருகி உறைந்த ஒரு வெள்ளைத் தோல் இருக்கும், அதில் நுண்ணிய வெடிப்புகள் நிறைய. இரண்டு மூன்று முறை மெல்லிய வெட்டு ஓட்டி, அப்புறம் எமரியும் எண்ணெயும் வைத்துத் தேய்த்து அதை எடுத்தே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு மாட்டினால் குழி விழும் வேலை பாதி முடிந்த மாதிரி.

மேஸ்திரி அண்ணன் தறி போல அடி விழும் கேம் என்றால் எச்சிஎச்சிஆர் வேண்டாம், 20எம்என்சிஆர்5 அல்லது இஎன் 353, தோல் ஆழம் கிரைண்டிங்குக்குப் பிறகு 0.9 மிமீக்குக் குறையாமல். இஎன் 19 ஸ்டீலில் நைட்ரைடிங் (தோலில் நைட்ரஜன் ஏற்றுவது) செய்தால் கோணல் மிகக் குறைவு, தோல் 0.3, 0.4 மிமீதான் வரும், வரைபலகை சார் சொன்ன 0.1 மிமீ ஆழக் கணக்குக்கு அதுவும் போதும்.

---

கடலோடி_இன்ஜின்ரூம்:

கப்பல் இன்ஜின் அறையில் இருந்தவன், இப்போது தூத்துக்குடியில் கரையில் வேலை. சூடாக்கி இறுக்குவதா என்று கேட்டிருந்தீர்கள், அதற்காக எழுதுகிறேன்.

மேன் பிஅண்டுடபிள்யூ எம்சி வகைப் பெரிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் எரிபொருள் கேமும் எக்ஸாஸ்ட் கேமும் தண்டோடு ஒன்றாகச் செதுக்கியவை அல்ல. ஒவ்வொன்றும் தனி ஸ்டீல் தட்டு, ரோலர் ஓடும் பாதை மட்டும் கடினமாக்கியது, தண்டின் மேல் சுருக்கி இறுக்கியிருப்பார்கள். சாவி கிடையாது. டைமிங்கைத் திருத்த வேண்டுமென்றால் உயர் அழுத்த எண்ணெயைக் கேமுக்கும் தண்டுக்கும் நடுவில் ஏற்றுவோம், கேம் துளி விரிந்து எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும், தேவையான டிகிரி திருப்பி எண்ணெயை விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முதல் தடவை அதைச் செய்தபோது அத்தனை கனமான தட்டு கைக்கு அடங்கித் திரும்பியதை இன்னும் மறக்கவில்லை. கார் இன்ஜின்களிலும் இப்போது ஸ்டீல் குழாய் மேல் தனித்தனி லோபுகளை (கேம் தட்டுகளை) அழுத்தி ஏற்றிய கேம் தண்டு சாதாரணம். குழாய் ஒரு பொருள், லோப் வேறு பொருள், உலோகத் தூளை அழுத்திச் சுட்டதோ அடித்து வடித்ததோ, எடையும் நன்றாகக் குறைகிறது.

ஆனால் கவனியுங்கள், இங்கெல்லாம் இறுக்கம் நடுத் துளையில், தண்டைச் சுற்றி, வட்டமான இடத்தில் இருக்கிறது. நீங்கள் நினைப்பது போல வெளி விளிம்பில் மெல்லிய வளையத்தை இறுக்கினால் அந்த வளையம் எந்நேரமும் இழுபட்ட நிலையில் இருக்கும். இழுபட்ட கடின ஸ்டீல் மேல் ரோலர் கோடிக்கணக்கான முறை ஏறினால் விரிசலுக்கு வழி காட்டிக் கொடுத்த மாதிரி. அதிலும் கேம் வடிவம் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு, இறுக்கமும் ஒரே மாதிரி இருக்காது. சூளை நண்பர் தோல் அழுந்தியிருப்பது லாபம் என்றாரே, இது நேர் எதிர்.

---

பிளாஸ்டிக்_கியர்:

இவ்வளவு எதற்கு, ஸ்டீல் கேம் அப்படியே இருக்கட்டும், ரோலரை நைலானிலோ அசிட்டாலிலோ போட்டுவிடுங்கள். தொடும் இடம் அகலமாகும், அழுத்தம் தானாகக் குறையும், சத்தமும் போய்விடும். நான் லேபிள் மெஷினில் போட்டு ஓட்டுகிறேன்.

---

வரைபலகை:

லேபிள் மெஷினில் விசை நூறு, நூற்றைம்பது நியூட்டன் இருக்கும், அங்கே அது அருமையான வழி. இங்கே 1300. பிளாஸ்டிக் ஒவ்வொரு முறை நசுங்கி நிமிரும்போதும் உள்ளே சூடு பிறக்கும், அது வெளியே போகவும் வழியில்லை. இரவு மெஷினை நிறுத்தும்போது ரோலர் தூக்கத்தின் மேல் நின்றுவிட்டால் ஸ்பிரிங் 900 நியூட்டனில் விடிய விடிய அழுத்தி ஒரு தட்டையான தழும்பு போட்டுவிடும், காலையில் அதே டக் டக். வேண்டாம்.

இப்போது மொத்தக் கேமையும் சொல்கிறேன், பாக்கெட் நண்பர் விரும்பியதையும் விடாமல். துண்டு துண்டாக வேண்டாம், ரோலர் தொடும் முழு வளைவும் ஒரே தட்டு, 20 மிமீ எச்சிஎச்சிஆர், 58 எச்ஆர்சி. நடுவில் 120 மிமீ வட்டத் துளை. உள்ளே தண்டில் மாட்டும் வார்ப்பிரும்பு ஹப், அதில் ஒரு தோள் எடுத்துத் தட்டு அதில் நெருக்கமாக உட்கார வேண்டும், இறுக்கம் வேண்டாம், கையால் தள்ளினால் போகிற அளவு. பக்கவாட்டு முகம் முழுசாகப் படிய, 8 மிமீ போல்ட் ஆறு, டவல் பின் இரண்டு. ரோலரின் விசையைத் தோள் வாங்கும், சுற்றும் விசையை முகத்தின் பிடிப்பும் டவல் பின்னும் வாங்கும், மேஸ்திரி அண்ணன் சொன்ன அதே விதி. அடுத்த முறை தேய்ந்தால் ஆறு போல்ட்டைக் கழற்றித் தட்டை மட்டும் மாற்றலாம், டவல் பின் இருப்பதால் டைமிங் மாறாது. போல்ட் ஓட்டை, பின் ஓட்டை எல்லாம் கடினமாக்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், பின் ஓட்டையைக் கடைசியில் வயர்கட்டில் சரி அளவுக்குத் திறந்துகொள்ளலாம்.

பெரிய கேமில் துண்டு போட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். இணைப்பு ஏற்றத்திலோ இறக்கத்திலோ வரவே கூடாது, ரோலர் சும்மா ஓடுகிற சம ஆரப் பகுதியில்தான் வர வேண்டும். அந்த இணைப்பையும் அகலத்துக்கு நேர் குறுக்காக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள். நேர் வெட்டில் ரோலர் சந்தில் ஒரேயடியாக விழுந்து எழும். சாய்வு வெட்டில் ஒரு துண்டை விடும் முன்பே அடுத்த துண்டு தாங்கத் தொடங்கிவிடும், சந்து இருப்பதே தெரியாது.

---

பாக்கெட்மெஷின்_கோவை (ஐந்து வாரம் கழித்து):

நண்பர்களே, இரண்டாவது மெஷினில் சொன்னபடியே செய்துவிட்டேன், எழுதாமல் இருக்க முடியவில்லை.

வளைவை எக்செல்லில் போட இரண்டு இரவு ஆனது. முதல் தடவை ரோலர் ஆரத்தை இரண்டு முறை கழித்துவிட்டேன், வரைபலகை சார் எச்சரித்தது நினைவுக்கு வந்து வெட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். எச்சிஎச்சிஆர் தட்டு 58இல் வந்தது, இரண்டு டெம்பர், நான்கு இடத்தில் பார்த்தேன், ஒரு புள்ளிக்கு மேல் வித்தியாசமில்லை. வயர்கட்டுக்கு அப்புறம் பையன்கள் இரண்டு பேர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து தேய்த்தார்கள். ஹப் வார்ப்பிரும்பு. ஆர்மை வெல்டு செய்து, உள் அழுத்தம் போகச் சூடாக்கி, அப்புறம் ஸ்டட் ஓட்டையைப் போரிங்கில் போட்டேன், நடுப்பகுதியை அலுமினியமாக மாற்றியதில் 8 கிலோ 5 ஆகிவிட்டது. அலுமினியம் கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மை தடம் 18இல் 16 மிமீ வருகிறது. சத்தம் ரொம்பக் குறைவு, பக்கத்தில் நின்று பேசலாம். இப்போதைக்கு 20 நாள்தான் ஓடியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நானே போய் டார்ச் லைட் அடித்துப் பார்த்தேன், தோள்பட்டையில் பளபளப்பான பட்டை ஒன்று, குழி இல்லை. பழைய மெஷினுக்கும் இதே ஹப் உட்காரும்படி செய்திருக்கிறேன், இந்த மாதம் மாற்றிக் கொடுக்கிறேன், அதற்குக் காசு வாங்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம் மட்டும். எண்ணெயை இப்போது சொட்டுச் சொட்டாக விடுகிறேன், உணவுப் பொருள் பக்கம் தெறிக்காமல் இருக்க உணவுத் தர எண்ணெய். அது மெல்லிசாக இருக்கிறது. கெட்டியான தரம் போடலாமா?

---

தறிமேஸ்திரி_சோமனூர்:

நல்ல செய்தி தம்பி. எண்ணெயில் உணவுத் தரத்திலேயே கெட்டி கிடைக்கும், கெட்டித்தன்மை எண் 220 என்று கேட்டு வாங்குங்கள். சொட்டு ரோலர் மேல் விழ வேண்டாம், கேம் ரோலருக்குள் நுழையும் பக்கம் விழட்டும், அப்போதுதான் தொடும் இடத்துக்குப் படலம் இழுபட்டுப் போகும். பின்பக்கம் விட்டால் சுழன்று தெறித்துப் போய்விடும். அப்புறம் அந்த ஆறு போல்ட்டையும் ஒரு மாதம் ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், முகங்கள் படிந்திருந்தால் ஒன்றுகூடத் திரும்பாது.